37-இலிருந்து 18-க்கு: கம்ப்யூட்டர் சயின்ஸில் பெண்களின் பங்கு ஏன் ஏறி இறங்குகிறது?

அமெரிக்காவில் 1970-71 கல்வியாண்டில் கணினி அறிவியலில் இளநிலைப் பட்டம் வாங்கியவர்கள் மொத்தமே ஏறத்தாழ 2,400 பேர்தான். அதில் பெண்கள் நூற்றுக்குப் பதினான்கு பேர். 1983-84-இல் அது 37 விழுக்காடு ஆனது. இன்றுவரை அதுதான் உச்சம். பிறகு சரிந்துகொண்டே வந்து, 2008 வாக்கில் 18-ஐத் தொட்டு, பல ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. அண்மையில்தான் மெல்ல 20-ஐத் தாண்டியது. இதே காலத்தில் மருத்துவம், சட்டம், உயிரியல் போன்ற துறைகளில் பெண்களின் பங்கு பெருமளவு உயர்ந்துவிட்டது.

இந்த எண்களை எதிரே வைத்துக்கொண்டால், வழக்கமாகச் சொல்லப்படும் இரண்டு காரணங்கள் நிற்காமல் போகின்றன. ஒன்று, "பெண்களுக்கு இயல்பிலேயே இதில் நாட்டம் குறைவு". இயல்பு பதின்மூன்று ஆண்டுகளில் இரண்டரை மடங்கு ஏறி, அடுத்த கால் நூற்றாண்டில் பாதியாக இறங்கும் சமாசாரமில்லை. இரண்டாவது, "சமுதாயம் இன்னும் மாறவில்லை, போகப்போகச் சரியாகிவிடும்". இந்தத் துறையில் போகப்போகத்தான் நிலைமை கெட்டது. ஏறியதற்கும் இறங்கியதற்கும் சேர்த்து விடை சொல்கிற காரணம்தான் நமக்கு வேண்டும்.

முதலில் கணக்கு

பங்கு என்பது ஒரு பின்னம். மேலே பெண்களின் எண்ணிக்கை, கீழே மொத்த எண்ணிக்கை. பங்கு குறைந்தால் மேல் எண் சுருங்கியிருக்கலாம், கீழ் எண் பெருத்திருக்கலாம். இரண்டும் வேறு வேறு நோய்கள். எது நடந்தது என்று பாராமல் காரணம் தேடப் போவதுதான் இந்த விஷயத்தில் புதிதாக நுழைபவர்கள் செய்யும் முதல் தவறு.

அமெரிக்கக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1985-86-இல் பட்டம் பெற்ற பெண்கள் சுமார் 15,100 பேர், ஆண்கள் சுமார் 27,200 பேர். பெண்களின் பங்கு 36 விழுக்காடு. 2003-04-இல் பெண்கள் சுமார் 14,900 பேர், ஆண்கள் சுமார் 44,600 பேர். பங்கு 25 விழுக்காடு. விழுக்காட்டை மட்டும் பார்த்தால் பெண்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறியது போலத் தோன்றும். எண்ணிக்கையோ கிட்டத்தட்ட அதேதான். ஆண்கள் பதினேழாயிரம் பேர் கூடியதால்தான் பங்கு சரிந்தது.

ஆனால் இந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே நேர்க்கோடு போட்டுவிட முடியாது. இடையில் 1994-95-இல் பெண்களின் எண்ணிக்கை சுமார் 7,050-க்கு இறங்கியிருந்தது. அதாவது பாதிக்கும் கீழே. அதே இடைவெளியில் ஆண்கள் சுமார் 17,700-க்கு இறங்கினார்கள். அது மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய இழப்புதான். இணைய நிறுவனங்களின் குமிழி உடைந்த பிறகு வந்த அடுத்த சரிவிலும் இதே கதை: 2003-04-க்கும் 2008-09-க்கும் இடையில் பெண்கள் 14,900-இலிருந்து 6,800-க்கு, ஆண்கள் 44,600-இலிருந்து 31,200-க்கு. இருபது ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டு சரிவுகளிலும் பெண்கள் பாதிக்கு மேல் குறைகிறார்கள், ஆண்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே குறைகிறார்கள். ஆகவே, அலை ஏறும்போது எல்லோரும் வருகிறார்கள், இறங்கும்போது யார் முதலில் வெளியேறுகிறார்கள், ஏன் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இன்னொரு கணக்குச் சிக்கலையும் இங்கேயே முடித்துவிடலாம். எதற்குக் "கம்ப்யூட்டர்" என்று பெயர் வைத்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தே பங்கு மாறும். இங்கிலாந்தில் பதினாறு வயதினர் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வில் முன்பு ஐசிடி என்ற பாடம் இருந்தது. மென்பொருளைப் பயன்படுத்துவது, தகவலைத் தொகுப்பது போன்றவை அதில் அதிகம். எழுதியவர்களில் ஐந்தில் இருவர் பெண்கள். அதை நிறுத்திவிட்டு, புரோகிராமிங்கை மையமாகக் கொண்ட கணினி அறிவியலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். புதிய பாடத்தில் பெண்கள் ஐந்தில் ஒருவர்தான். கணினி அறிவியலை மட்டும் பார்ப்பவருக்கு அங்கே பெண்களின் பங்கு மெல்ல ஏறுவதாகத் தெரியும். இரண்டையும் கூட்டிப் பார்ப்பவருக்கு, பள்ளியில் கணினி தொடர்பான தேர்வு எழுதும் பெண்கள் வெகுவாகக் குறைந்துபோனது தெரியும். ஒரே நாடு, ஒரே ஆண்டுகள், நேரெதிர் முடிவுகள்.

ஏன் ஏறியது?

இது எளிது, விரைவாகச் சொல்லிவிடலாம். 1946-இல் வெளியுலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினிக்கு நிரல் எழுதியவர்கள் ஆறு பெண்கள். இயந்திரத்தைக் கட்டுவது பெரிய வேலை, அதற்குக் கட்டளை கொடுப்பது எழுத்தர் வேலை மாதிரி என்று அப்போது நினைத்தார்கள். அதனால் கதவு திறந்திருந்தது. கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் 1952-இல் கம்பைலர், அதாவது மனிதர் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருள், உருவாக்கியதும் அந்தக் காலத்தில்தான்.

கல்லூரிகளில் இது தனிப் படிப்பாக வளர்ந்த 1970-களில் இரண்டு விஷயங்கள் சேர்ந்தன. அமெரிக்காவில் 1972-இல் வந்த டைட்டில் ஒன்பது என்ற சட்டம், அரசுப் பணம் வாங்கும் கல்வி நிறுவனங்கள் பாலினப் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. அதைவிட முக்கியமானது அடுத்தது: முதல் நாள் வகுப்புக்கு வந்த எவருக்கும் கணினி தெரியாது. இயந்திரம் கல்லூரியில்தான் இருந்தது. ஆண், பெண், பணக்காரர், ஏழை எல்லோரும் பூஜ்யத்திலிருந்தே தொடங்கினார்கள். சேர்வதற்குக் கணக்கு வந்தால் போதும். கணக்குப் பட்டதாரிகளில் அப்போதே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள்.

ஏன் இறங்கியது?

வீட்டுக் கணினி வந்தது, விளம்பரங்கள் அதைப் பையன்களின் விளையாட்டுப் பொருளாகக் காட்டின, பெண்கள் விலகிவிட்டார்கள் என்பது பரவலான விளக்கம். ஆப்பிள் டூ 1977-இல் வந்தது, ஐபிஎம் பிசி 1981-இல், கொமடோர் 64 அதற்கடுத்த ஆண்டு. விளக்கத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் காலத்தைக் கொஞ்சம் நெருக்கிப் பார்க்க வேண்டும். பட்டக் கணக்கு எப்போதும் நான்கு ஆண்டு பழையது. பங்கு வேகமாகச் சரிந்தது 1986-87-க்கும் 1988-89-க்கும் இடையில். அதாவது 1983 முதல் 1985 வரை கல்லூரியில் நுழைந்தவர்கள். கொமடோரை மடியில் வைத்து வளர்ந்த சிறுவர்கள் அப்போது பள்ளியில்தான் இருந்தார்கள். எனவே முதல் சரிவுக்கு வீட்டுக் கணினி மட்டும் போதாது. அதோடு சேர்ந்து கல்லூரிக்குள்ளேயே ஒன்று நடந்தது.

1980-களின் தொடக்கத்தில் இந்தப் படிப்புக்குக் கூட்டம் அலைமோதியது. பாடம் நடத்த ஆளில்லை. முனைவர் பட்டம் முடித்தவர்களை நிறுவனங்கள் நல்ல சம்பளம் கொடுத்து அழைத்துக்கொண்டன. இருக்கிற ஆசிரியர்களை வைத்து ஓட்ட வேண்டிய துறைகள் கதவைச் சாத்தத் தொடங்கின. முதலாண்டு மதிப்பெண்ணுக்குக் கட்-ஆஃப் வைத்தார்கள். அறிமுகப் பாடத்தைக் கடுமையாக்கி, வடிகட்டும் பாடமாக மாற்றினார்கள். கல்லூரியில் சேர்ந்த பிறகும், துறைக்குள் நுழைய இன்னொரு முறை விண்ணப்பிக்க வைத்தார்கள்.

இந்த விதிகள் எதிலும் பெண் என்ற சொல் கிடையாது. அப்படியிருந்தும் பெண்களின் பங்கை அவை குறைக்கும். எப்படி என்பதை ஒரு கற்பனை வகுப்பை வைத்துப் பார்க்கலாம். காகிதமும் பேனாவும் போதும்.

வகுப்பில் நூறு பேர். ஆண்கள் 70, பெண்கள் 30. ஆண்களில் 50 பேர் வீட்டிலோ பள்ளியிலோ ஏற்கெனவே புரோகிராமிங் பழகியவர்கள், 20 பேர் புதியவர்கள். பெண்களில் பழகியவர்கள் 10, புதியவர்கள் 20. அறிமுகப் பாடம் கடினம். பழகியவர்களில் நூற்றுக்கு 90 பேர் தாண்டுகிறார்கள், புதியவர்களில் நூற்றுக்கு 50 பேர்தான். ஆணுக்கும் பெண்ணுக்கும் இந்த விகிதத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆண்களில் 45-உம் 10-உமாக 55 பேர் தாண்டுகிறார்கள். பெண்களில் 9-உம் 10-உமாக 19 பேர். மொத்தம் 74. பெண்களின் பங்கு 30-இலிருந்து 26 விழுக்காட்டுக்கு அருகே வந்துவிட்டது. யாரும் யாரையும் ஒதுக்கவில்லை, விடைத்தாளைத் திருத்தியவர் பெயரைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். இதே மாதிரி இன்னொரு பாடமும் வடிகட்டினால் இன்னும் இறங்கும்.

இப்போது ஒரே ஒரு எண்ணை மாற்றுவோம். புதியவர்களுக்குத் தனியாகத் தொடக்கத்திலிருந்து கற்றுக்கொடுத்து, அவர்களில் நூற்றுக்கு 80 பேர் தாண்டும்படி செய்தால்? ஆண்கள் 61, பெண்கள் 25. பங்கு 29. பெண்களுக்கென்று எதுவும் செய்யவில்லை. பலனடைந்தவர்களில் ஆண்களும் ஆறு பேர். கண்ணில் படாத சலுகை ஒன்று பழகியவர்களுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது, அது குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டுக் கணினியின் உண்மையான பங்கு இங்கேதான் வருகிறது. வடிகட்டி ஏற்கெனவே இருந்தது. 1980-களின் பிற்பாதியிலிருந்து ஆண்டுதோறும் கல்லூரிக்கு வந்த பையன்களில் "பழகியவர்கள்" பெருகிக்கொண்டே போனார்கள். வீட்டில் இயந்திரம் வாங்கினால் அது பெரும்பாலும் பையனின் அறைக்குப் போனது. வடிகட்டியும் அனுபவமும் ஒன்றையொன்று வளர்த்தன.

பழகியவர்கள் பெருகியதில் பாடத்தின் வேகமும் மாறியது. ஆசிரியர் "லூப் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும்தானே?" என்று கேட்கிறார். முன்வரிசையில் நான்கு தலைகள் ஆடுகின்றன. ஒருவர் கையைத் தூக்கி, இன்னும் நடத்தாத பாய்ண்டரைப் பற்றிக் கேட்கிறார். கேள்வியே புரியாமல் பின்னால் இருப்பவர், தான் மட்டும்தான் பின்தங்கியிருப்பதாக நினைத்துக்கொள்கிறார். உண்மையில் வகுப்பில் 40 பேர் அவர் நிலையில்தான் இருக்கிறார்கள். யாரும் வாய் திறக்காததால் ஒருவருக்கும் மற்றவர் நிலை தெரிவதில்லை. மதிப்பெண் சுமாராக வந்தால், "எனக்கு இன்னும் பழக்கம் போதவில்லை" என்று தோன்ற வேண்டிய இடத்தில் "எனக்கு இது வராது" என்று தோன்றுகிறது. தன்னைப் போன்றவர்கள் வகுப்பில் குறைவாக இருந்தால் அந்த முடிவுக்கு வருவது இன்னும் சுலபம்.

"கம்ப்யூட்டர்காரன்" என்ற பிம்பம்

புரோகிராமர் என்றால் மனிதர்களோடு பழகாத, இரவெல்லாம் திரைமுன் கிடக்கிற ஆள் என்ற பிம்பம் தானாக முளைத்ததில்லை. 1966-இல் அமெரிக்க உளவியலாளர்கள் இருவர், சுமார் 1,400 புரோகிராமர்களின் விருப்பு வெறுப்புகளைத் தொகுத்து, யார் இந்த வேலைக்குப் பொருந்துவார் என்று ஒரு அளவுகோல் தயாரித்தார்கள். அதில் அவர்கள் கண்ட முக்கியக் குணம், இவர்களுக்கு மனிதர்கள் மீது அவ்வளவாக ஆர்வமில்லை என்பது. கணக்கில் எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். அன்று வேலையில் இருந்தவர்களின் குணம், நாளை வேலைக்கு வர வேண்டியவர்களின் தகுதியாகிவிட்டது. இப்படிப்பட்ட தேர்வுகளைப் பல நிறுவனங்கள் ஆள் எடுக்கப் பயன்படுத்தின. நிழலை அளந்து சட்டை தைத்த கதை.

பிம்பம் எவ்வளவு நுட்பமாக வேலை செய்யும் என்பதற்கு 2009-இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. உளவியலாளர் சப்னா செரியனும் உடன் பணியாற்றியவர்களும் கணினித் துறையில் ஓர் அறையை இரண்டு விதமாக அலங்கரித்தார்கள். ஒரு விதத்தில் ஸ்டார் ட்ரெக் போஸ்டர், வீடியோ கேம் பெட்டிகள், காமிக்ஸ், காலியான குளிர்பான டப்பாக்கள். இன்னொரு விதத்தில் இயற்கைக் காட்சிப் படம், தண்ணீர் பாட்டில், பொதுப் பத்திரிகைகள். வந்த மாணவர்களிடம், இந்த அறையை வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள், பொருள்களைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு கேள்வித்தாளை நிரப்பச் சொன்னார்கள். முதல் அறையில் உட்கார்ந்த பெண்கள் கணினி அறிவியலில் காட்டிய ஆர்வம், இரண்டாவது அறையில் உட்கார்ந்த பெண்கள் காட்டியதைவிடக் குறைவு. பாடத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, மேசைமேல் கிடந்த பொருள்கள்தான் பேசின. இதை வைத்துப் போஸ்டரைக் கிழித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவுகட்டுவது அதிகப்படி. ஆனால் "பெண்களே விரும்பித்தான் வருவதில்லை" என்று சொல்பவர்கள், அந்த விருப்பம் எந்த அறையில் உட்கார்ந்து அளக்கப்பட்டது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மாற்றிக் காட்டிய இடங்கள்

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1995-இல் கணினி அறிவியலில் சேர்ந்தவர்களில் பெண்கள் 7 விழுக்காடு. 2000-இல் 42. ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் திரும்பத் திரும்பப் பேசியதில் தெரியவந்தது என்னவென்றால், முன் அனுபவம் உள்ளவர்கள் கடைசியில் நன்றாகப் படிப்பார்கள் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. அனுபவமில்லாமல் நுழைந்தவர்களும் பட்டம் பெறும்போது எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். ஆகவே சேர்க்கையில் புரோகிராமிங் அனுபவத்துக்குக் கொடுத்துவந்த முன்னுரிமையை எடுத்தார்கள். முதலாண்டில் அவரவர் அனுபவத்துக்கு ஏற்ப வேறு வேறு வாசல்கள் வைத்தார்கள். ஓராண்டுக்குள் எல்லாம் ஒரே பாதையில் கலந்துவிடும். பாடத்தை "பெண்களுக்கேற்றபடி" இலகுவாக்கும் வேலையில் அவர்கள் இறங்கவில்லை. அது தேவையும்படவில்லை.

கலிபோர்னியாவின் ஹார்வி மட் சிறிய கல்லூரி. அங்கே எல்லா மாணவர்களும் முதல் பருவத்தில் கணினி அறிவியல் படித்தே ஆக வேண்டும். 2006 வாக்கில், துறையைத் தேர்ந்தெடுப்பவர்களில் பெண்கள் பத்தில் ஒருவர். செய்த மாற்றங்கள்: ஜாவா என்ற புரோகிராமிங் மொழிக்குப் பதில், எழுத எளிதான பைத்தான். முதல் வாரமே ஏதாவது ஓடிக் காட்டும், அரைப்புள்ளி விட்டதற்காக ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். வகுப்பை "கோல்டு", "பிளாக்" என இரண்டாகப் பிரித்தார்கள், முதலாவது அனுபவமில்லாதவர்களுக்கு. வகுப்பில் தன் திறமையைக் காட்டிக்கொண்டே இருக்கும் மாணவரை ஆசிரியர் தனியே அழைத்து, "உன்னோடு பேச எனக்குப் பிடிக்கும், ஆனால் வகுப்புக்கு வெளியே பேசுவோம்" என்கிற ரீதியில் சொல்லிவைப்பார். முதலாண்டு மாணவிகளைக் கிரேஸ் ஹாப்பர் பெயரில் நடக்கும் பெண்கள் மாநாட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். ஐந்தாறு ஆண்டுகளில் பங்கு 40-ஐ எட்டியது.

இந்த இரண்டு அனுபவங்களையும் நகலெடுக்கப் பார்ப்பவர்கள் அடிக்கடி சறுக்குவது ஒரே இடத்தில். அனுபவத்தை வைத்துப் பிரிப்பதற்குப் பதிலாக ஆண், பெண் என்று பிரித்துவிடுகிறார்கள். அப்போது பழகிய பெண்ணுக்கு வகுப்பு சலிப்பூட்டுகிறது, பழகாத ஆண் வழக்கம்போல மூழ்குகிறார், "பெண்கள் பேட்ச்" என்றால் மட்டமான பேட்ச் என்ற பெயரும் ஒட்டிக்கொள்கிறது. இன்னொரு சறுக்கல், உதவித்தொகையும் வழிகாட்டியும் மட்டும் கொடுத்துவிட்டு வடிகட்டும் பாடத்தைத் தொடாமல் விடுவது.

நாடு மாறினால்

மலேசியாவில் கணினி படிப்பவர்களில் பெண்கள் பாதியை ஒட்டி இருந்திருக்கிறார்கள். இந்தியாவிலும் அமெரிக்காவைவிடப் பங்கு வெகு அதிகம். இரண்டு இடங்களிலும் இந்த வேலை அலுவலகத்துக்குள் உட்கார்ந்து செய்கிற, மரியாதையும் சம்பளமும் உள்ள, பெண்ணுக்குப் பாதுகாப்பான வேலையாகக் குடும்பங்களுக்குத் தெரிகிறது. மெக்கானிக்கல் பக்கம் போக யோசிக்கும் வீடுகூட இதற்குத் தலையாட்டும். நெடுங்காலம் வீடுகளில் கணினியே இல்லாததால் கல்லூரிக்குள் நுழையும்போது எல்லோரும் பூஜ்யத்திலிருந்து தொடங்கியதும் ஒரு காரணம். அமெரிக்காவின் 1970-களும் அப்படித்தானே இருந்தன.

ஆண்-பெண் சமத்துவம் மிகுந்த நாடுகளில்தான் பெண்கள் அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளை அதிகம் தவிர்க்கிறார்கள் என்று 2018-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை சொன்னது. பெரிய பரபரப்பு. பிறகு, எதை எப்படி அளந்தார்கள் என்பதில் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று, அளவை மாற்றினால் முடிவு பலவீனமாகிறது என்று மறுப்பும் வந்தது. அதன்மேல் பெரிய கட்டடம் எழுப்பாமல் இருப்பது புத்திசாலித்தனம்.

இந்தியாவுக்குள்ளேயே வாசலின் வேலையைப் பார்க்கலாம். பொறியியல் கல்லூரிகளின் கணினி வகுப்புகளில் பெண்கள் நிறைய. ஐஐடிகளிலோ 2017 வரை பி.டெக். மாணவர்களில் பெண்கள் பத்து விழுக்காட்டைத் தொடுவதே பாடு. பாடம் ஒன்றுதான், நாடும் ஒன்றுதான், வாசல் வேறு: இரண்டு மூன்று ஆண்டுகள் கோச்சிங், அதற்கான செலவு, மகளைத் தொலைவில் தங்க வைக்கும் துணிச்சல். 2018-இல் கூடுதல் இடங்களை உருவாக்கி, பெண்களின் பங்கு 14 விழுக்காட்டை எட்ட வழி செய்தார்கள். 2019-இல் இலக்கு 17, 2020-இல் 20. இருந்த இடங்களிலிருந்து எதையும் பிடுங்கவில்லை.

உங்கள் துறையைச் சோதிக்க

ஒரு துறையில் பெண்களின் பங்கு ஏன் மாறுகிறது என்று தெரிய வேண்டுமானால் கடைசி விழுக்காட்டை வைத்துக்கொண்டு விவாதிப்பதில் பயனில்லை. ஐந்து படிகளில் ஆண், பெண் எண்ணிக்கையைத் தனித்தனியே வாங்குங்கள்: விண்ணப்பித்தவர்கள், சேர்ந்தவர்கள், முதல் புரோகிராமிங் பாடத்தை முடித்தவர்கள், இரண்டாவது பாடத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள், பட்டம் பெற்றவர்கள். ஓராண்டுக் கணக்கு ஏமாற்றும். சிறிய துறையில் மூன்று பேர் கூடினாலே விழுக்காடு துள்ளும். குறைந்தது ஐந்து ஆண்டுகளை அருகருகே வையுங்கள்.

பங்கு விண்ணப்பத்திலேயே குறைவாக இருந்தால் பிரச்சினை பள்ளியிலும் வீட்டிலும் பிம்பத்திலும் இருக்கிறது. விண்ணப்பத்தில் நன்றாக இருந்து சேர்க்கையில் விழுந்தால் நுழைவுத் தேர்வையும் கட்-ஆஃபையும் பாருங்கள். முதல் பாடத்தில் விழுந்தால், இன்னும் ஒரு கேள்வி: சேர்ந்த அன்றே "இதற்கு முன் நிரல் எழுதியிருக்கிறீர்களா?" என்று எல்லோரிடமும் கேட்டு எழுதிவைத்திருக்கிறீர்களா? இருந்தால், அனுபவமில்லாத ஆண்களையும் அனுபவமில்லாத பெண்களையும் மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள். இருவரும் ஒரே அளவில் உதிர்ந்தால் வடிகட்டுவது பாடத்தின் வேகம். அனுபவமில்லாத பெண்கள் மட்டும் கூடுதலாக உதிர்ந்தால், வகுப்பறைக்குள் போய்ப் பின்வரிசையில் இரண்டு வாரம் உட்கார வேண்டும். முதல் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண்கள் இரண்டாவது பாடத்துக்குப் பெயர் கொடுக்காமல் போகிறார்கள் என்றால், அவர்களில் பத்துப் பேரிடம் நேரில் கேளுங்கள். மதிப்பெண் பட்டியலில் அதற்கு விடை இருக்காது.